ஆடிய காலும் தூக்கிய விரலும்

யாராவது பக்கத்தில் சப்புக்கொட்டிச் சாப்பிட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். உட்கார்ந்தபடி காலை ஆட்டுகிறவரைக் கண்டால் அதைவிட மோசம். என் வீட்டுக்காரர் முறுக்கு தின்பதென்றால் மாடிக்குப் போய்விடுவார். இப்படிப்பட்டவளுக்குச் சிதம்பரத்தில் ஒரு கிளினிக்கில் ஊரார் காதைச் சோதிக்கும் உத்தியோகம்.

ஆடியோமெட்ரி சின்ன வேலைதான். சத்தம் புகாத அறையில் ஆளை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டுவோம். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். பீப் கேட்டால் அவர் விரலைத் தூக்க வேண்டும், நாங்கள் கிராஃபில் புள்ளி வைக்க வேண்டும்.

பரங்கிப்பேட்டையிலிருந்து சாதிக் என்று ஒருவர் வந்தார். துபாயில் கிரேன் ஓட்டும் வேலை. காது சரியாக இருக்கிறது என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் போக முடியும். உட்கார்ந்ததுமே வலது கால் ஆட ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன், முடியவில்லை. கேஸ் ஷீட்டைத் தூக்கிக் கால் மறைகிற மாதிரி பிடித்துக்கொண்டேன். தொடைமேல் இருந்த கையும் சேர்ந்து மறைந்தது என் புத்திக்கு எட்டவில்லை. விரல் தெரியாததால் சத்தத்தைக் கூட்டினேன், மேலும் கூட்டினேன். கடைசியில் அவர் கையையே உயர்த்தி ஆட்டிய பிறகுதான் புள்ளி வைத்தேன். கிராஃப்படி அவருக்கு இடி இடித்தாலும் அரைகுறையாகத்தான் கேட்கும்.

வெளி பெஞ்சிலும் கால் ஓயவில்லை. ரிப்போர்ட் எழுதிக்கொண்டே அட்டெண்டர் கலாவிடம் கிசுகிசுத்தேன்: "அந்தக் காலக் கட்டிப் போட்டாத்தான் நிக்கும் போலருக்கு."

பத்தடி தள்ளி அந்தக் கால் நின்றது. "மன்னிச்சுக்குங்கக்கா, பயத்துல ஆடுது. இந்த வேல போச்சுன்னா வூட்ல எல்லாரும் ஒடஞ்சி போயிருவாங்க," என்றார் சாதிக்.

என் பேனா நின்றுவிட்டது. கலா என்னைப் பார்த்தாள். "அவருக்குக் காது ஜோராத்தான் இருக்குது மேடம். ஒங்க கண்ணத்தான் டெஸ்ட் பண்ணணும்."

மறுபடி உட்காரவைத்தேன். இந்த முறை அவர் இரண்டு முழங்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பீப் போட்டேன், விரல் எழவில்லை.

"கேக்குதுக்கா. கைய எடுத்தா காலு ஆடிடும், நீங்க கோச்சுக்குவீங்க," என்றார் உள்ளிருந்த மைக்கில்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஒரு சின்ன மேஜையைத் தூக்கிவந்து கால் மறைகிற மாதிரி அவர் முன்னால் போட்டேன். "கைய மேல வச்சுக்குங்க. கீழ எவ்ளோ வேணா ஆட்டிக்குங்க."

கிராஃப் நார்மல். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவருக்குக் காது கேட்காது என்று எழுதுமுன், அவரைக் கண்கொண்டு பார்த்தோமா என்று யோசியுங்கள். அந்த மேஜை எதற்கு என்று மறுநாள் எங்கள் கிளினிக் டாக்டர் கேட்டார்.

"பேஷண்ட் வசதிக்கு சார்," என்றேன்.