போர்டக்காவின் அறைக்கு வந்த மெஷின்

அந்தக் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. போர்டக்கா, அவ்வளவுதான். பம்பு செட்டும் அதன் உதிரி பாகங்களும் விற்கிற கம்பெனி. வெளியிலிருந்து வரும் போன் எல்லாம் முதலில் அவள் முன்னால் இருக்கும் போர்டில்தான் மணியடிக்கும். யார், என்ன என்று கேட்டு உள்ளே உரியவருக்குத் திருப்பிவிடுவாள். ஆள் இடத்தில் இல்லையென்றால் சேதியை வாங்கி வைத்திருந்து, வந்ததும் சொல்லுவாள். சண்டைக்கு வருகிறவனை ஒரு ஹலோவிலேயே மோப்பம் பிடித்துவிடுவாள். கோபம் தணியும்வரை அவனோடு மழை, வெயில், பிள்ளைகளின் படிப்பு என்று பேசி இழுத்தடிக்கிற சாமர்த்தியமும் உண்டு.

கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி கெட்டவள் என்று சொன்னால் பாவம் வந்து சேரும். ஆனால் வேலைக்குப் போகிற நாத்தனாருக்கு ஒரு முகம், வீட்டில் கிடக்கிற நாத்தனாருக்கு இன்னொரு முகம் என்று இரண்டு வைத்திருந்தாள். ஒரு தடவை காய்ச்சலில் படுத்துக்கிடந்தபோது போர்டக்கா அந்த இரண்டாவது முகத்தைப் பார்த்துவிட்டாள். முன்னால் தட்டை வைக்கும் சத்தமே வேறாக இருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான். வேலை போய்விடக் கூடாது.

இந்த நிலைமையில்தான் முதலாளிக்கு வாய்ஸ் மெயில் ஆசை வந்தது. ஆள் இல்லாவிட்டாலும் மெஷினே பேசுமாம், சேதியை வாங்கி வைக்குமாம். மெஷின்காரர் ஒருவர் இடம் பார்க்க வந்தார். முதலாளி அவரை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போர்டக்கா வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"இங்க வெச்சா ஒரு மழைக்குத் தாங்காதுங்க. சுவரைத் தொட்டுப் பாருங்க, ஈரம்" என்றார் மெஷின்காரர்.

"அப்ப என்னதான் வேணும் அதுக்கு?"

"காய்ஞ்ச இடம் வேணும். தூசி ஆகாது. ஏசி ஓடணும். தனியா ஒரு கரண்ட் லைன், சரியான எர்த், கரண்ட் போனாத் தாங்கறதுக்கு பேட்டரி. போன் லைனெல்லாம் வந்து சேர்ற எக்ஸ்சேஞ்ச் பெட்டிக்குப் பக்கத்துலயே இருக்கணும். உள்ள போற எக்ஸ்டென்ஷன் லைன்ல எட்டு சும்மா கிடந்தாத்தான் அதுல மெஷினை மாட்ட முடியும்."

"இது மெஷினா, வீட்டோட மாப்பிள்ளையா?" முதலாளி எரிந்து விழுந்தார். "ஒரு பெட்டிக்காக நான் புது ரூம் கட்டிக்கிட்டு இருக்கணுமா? ஒண்ணும் வேணாம், விடுங்க. இருக்கறதே போதும்."

அத்தோடு போயிருக்கும். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் வந்த வினை வந்த வழியே திரும்பியிருக்கும். மகராசி, விட்டாளா?

"சார், என் ரூம்ல இடம் இருக்குங்க. எக்ஸ்சேஞ்சும் அங்கதான் இருக்கு. ஏசியும் இருக்கு."

மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார். "எக்ஸ்டென்ஷன்?"

"வேலையை விட்டுப் போனவங்க லைனெல்லாம் சும்மாதான் கிடக்கு. நான் காட்டறேன், வாங்க."

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, இதுதான். அவளும் ஒரு கணக்குப் போட்டுத்தான் சொன்னாள். இன்றைக்கு வேண்டாம் என்கிறவர் நாளைக்கு வேண்டும் என்பார், எப்படியும் மெஷின் வந்தே தீரும். வருகிற சனியன் என் அறைக்கே வரட்டும். துடைத்து, பூட்டி, காவல் இருந்தால் அதற்கும் நான்தானே பொறுப்பு? பொறுப்பில் இருக்கிறவளை யார் வெளியே அனுப்புவார்கள்? அன்று ராத்திரி அண்ணியிடம், "புது மெஷின் வருது அண்ணி, என்கிட்டதான் ஒப்படைக்கப்போறாங்க" என்று பெருமையாகச் சொல்லியும் விட்டாள்.

மெஷின் வந்தது. சுவரில் துளை போட்டார்கள், வயர் இழுத்தார்கள். விழுந்த சுண்ணாம்பை எல்லாம் அவளே கூட்டிப் பெருக்கினாள். எல்லாம் முடிந்த பிறகு மெஷின்காரர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த ரூம்ல ஆள் நடமாட்டம் ஆகாது. கதவைத் திறந்து திறந்து மூடினா தூசி உள்ள வரும். பூட்டியே வெக்கணும்."

அவளுடைய மேசையைத் தூக்கி முதலாளி அறைக்கு எதிரே நடைபாதையில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் போட்டார்கள். அறைச் சாவி கணக்கரிடம் போயிற்று. அவளுக்கு மிஞ்சியது ஒரு புது போன். எப்படிப் பயன்படுத்துவது என்று மற்றவர்களுக்கெல்லாம் மெஷின்காரர் உள்ளே வகுப்பு எடுத்தார். அந்த நேரத்தில் வரும் போனை எடுக்க ஆள் வேண்டுமே என்று அவளை வெளியிலேயே உட்காரவைத்துவிட்டார்கள்.

முதலில் என்னவோ நன்றாகத்தான் போயிற்று. கூப்பிடுகிறவர்களிடம் மெஷின் பேசும். எக்ஸ்டென்ஷன் தெரிந்தால் அடியுங்கள், உதவி வேண்டுமென்றால் பூஜ்யம் அடியுங்கள் என்று சொல்லும். அத்தனை பேரும் பூஜ்யத்தையே அடித்தார்கள். பூஜ்யம் அடித்தால் போர்டக்காவிடம் வரும். "அட, நீங்க இருக்கீங்களா! எதோ பொம்பளை பேசிக்கிட்டே போகுதேன்னு பயந்துட்டேன்" என்றார் பழைய வாடிக்கையாளர் ஒருவர். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கரைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, மெஷின் வந்தும் என்னைத்தான் கேக்கறாங்க!" என்று சிரித்தாள்.

அது முதலாளி காதுக்குப் போயிற்று. அத்தனை பேரும் இவளிடமே வந்தால் அத்தனை செலவு செய்து மெஷின் எதற்கு என்று அவர் கேட்டார். மறுநாளே மெஷின்காரர் வந்து பூஜ்யத்தை எடுத்துவிட்டார். அதன்பிறகு அவள் போன் அடிக்கவேயில்லை.

இருந்தாலும் தினமும் வந்தாள். போனைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். போனில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. கரண்ட் வருவதற்கு அடையாளம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆபீசில் எல்லோரும் திடீரென்று அன்பாக இருந்தார்கள். ஸ்டோர்க்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். கணக்கர் மட்டும் அவளைக் கண்டால் சுற்றிக்கொண்டு போனார். நடைபாதையில் கிடக்கிறாளே என்று பரிதாபப்படுகிறார்கள், படட்டும் என்று இருந்துவிட்டாள்.

ஒரு நாள் மெஷின்காரர் மறுபடி வந்தார். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு அந்த போன் வேண்டுமாம்.

"அக்கா, இதென்ன, மெசேஜ் வந்து விளக்கு எரியுது. கேக்கலையா?"

"எனக்கா? எனக்கு யாருங்க மெசேஜ் வெக்கப்போறா?"

அவர் ஒரு பொத்தானை அமுக்கி ரிசீவரைக் கொடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு முதலாளி பேசினார்: "அம்மா... இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம். ஒண்ணாந்தேதியிலருந்து வர வேணாம். உடம்பைப் பாத்துக்கங்க."

ஒண்ணாம் தேதி போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியானால் இத்தனை நாளும்? ஸ்டோர்க்காரருக்குத் தெரியும். கணக்கருக்குத் தெரியும். இந்த ஆபீசில் அவள் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நேராக எதிர்க் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், உங்க கண்ணு எதிர்லதானே தினமும் உக்காந்திருந்தேன்? என் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

முதலாளி நிஜமாகவே திகைத்தார். "அதான் மெசேஜ் வெச்சேனேம்மா. நீங்க கேக்கலையா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுக்கப்புறமும் நீங்க வந்து உக்காந்திருக்கறதைப் பாத்து, பாவம், வீட்ல இருக்க முடியல போலிருக்கு, வந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். அந்த மனிதர் சொன்னதில் பொய் இல்லையே, அதுதான் வயிற்றெரிச்சல்.

வெளியே வந்தாள். மெஷின்காரர் போனைக் கழற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. இந்நேரத்துக்கு வீட்டுக்குப் போனால் அண்ணி ஏன் என்று கேட்பாள். போர்டக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, வெறும் மேசைக்கு முன்னால், ஆபீஸ் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.