முள்காட்டுக் காபியும் ஏழு கற்களும்

காலை ஐந்தரைக்குத் திருப்பூரில் பஸ் ஏறினேன். உடுமலைப்பேட்டையில் மாறி, மேலும் பதினைந்து மைல் குலுங்கி அமராவதி நகரில் இறங்கும்போது மணி ஒன்பது. இடுப்பு கழன்றுவிட்டது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவனுக்குக் கோடை விடுமுறையிலாவது தூக்கம் வேண்டாமா? சித்திரை மழை பெய்திருந்தது. காட்டுக் காபி பூத்திருக்கும் என்ற ஆசைதான் இழுத்து வந்தது.

போன வருடம் வால்பாறைப் பக்கம் நான் பார்த்தது திருவிதாங்கூர்க் காபி. அகன்ற இலையோடு மர நிழலில் சொகுசாக நிற்பது. ஓடை வற்றக்கூடாதென்று எஸ்டேட்காரர்கள் விட்டுவைத்த சோலையில் அதற்குப் பயமில்லை. இன்னொன்று முள்காட்டுக் காபி. சின்ன இலையை வைத்துக்கொண்டு வெயிலில், கல்லிடுக்கில் பிழைப்பது. இரண்டும் வெள்ளையாகப் பூக்கும். இரண்டிலும் குடிக்கிற காபி தேறாது. ஆகவே இரண்டையும் யாரும் சீந்துவதில்லை. ஆனால் சோலையைக் காடு என்கிறோம். முள்காட்டை விறகு என்கிறோம்.

பத்தரை மணி. அமராவதி அணைக்குக் கிழக்கே இரண்டு மைல் நடந்து கண்டுபிடித்துவிட்டேன். நாலைந்து செடிதான், பூவோடு நின்றன. பக்கத்திலேயே பெண்கள் கொடுவாளோடு விறகு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மாராத்தாள் என்று மற்றவர்கள் கூப்பிட்ட, முன்னால் நின்ற அம்மாவிடம் போனேன்.

"ஏனுங்கம்மா, இந்தச் செடிய மட்டும் விட்டுருங்க. ஐப்பசியில பழுத்தா வெதை எடுத்துக்குவனுங்க. வேற எங்கீமே கெடைக்கலீங்க."

"அதெப்புடிங்க? திருப்பூரு வீரபாண்டிச் சாயப்பட்டறைக்கு லோடு போகோணுங்க. குத்தகைக்காரரு மொட்டையா வழிக்கச் சொல்லிட்டாருங்க."

எங்கள் ஊர் அடுப்புக்குத்தான் போகிறது. நான் எந்த வாயால் மறுத்துப் பேசுவது?

அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஓடையில் ஏழு கல் பொறுக்கிச் செடிகளின் முன் வரிசையாக நட்டேன். செம்மண்ணைக் குழைத்துப் பொட்டு வைத்தேன். காபிப் பூவைக் கிள்ள மனம் வராமல் ஆவாரம்பூ சாத்தினேன். சாமி இல்லையென்று வகுப்பில் வாய் கிழியப் பேசுகிறவன் நான்.

திரும்பி வந்த மாராத்தாள் கொடுவாளைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏழு கன்னிமாருங்க! இத்தன நாளாக் கண்ணுலயே படலீங்களே!"

கொடுவாள்கள் மறுபக்கம் நகர்ந்தன. அசதியெல்லாம் பறந்துவிட்டது எனக்கு. மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மாராத்தாள் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சாமி, ஆடிப் பதினெட்டுக்கு ஊரே வந்து பொங்க வெப்பமுங்க. அதுக்குள்ள இந்தப் பொதரையெல்லாம் வேரோட தோண்டிப்போட்டு மேடை கட்டிடறமுங்க. சாமி இருக்கற எடம் சுத்தமா இருக்கோணுமில்லீங்க?"

கற்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமென்று திரும்பினேன். அதற்குள் பெண்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கற்களின் முன் கண்மூடி நின்றிருந்தார்கள்.