மிடில் ரோட்டில் அம்மாவின் உலக்கை

இன்று தேக்கா சந்தையில் வெந்த புலுட் என்ற ஒட்டரிசியின் ஆவி முகத்தில் அடித்ததும், மிடில் ரோட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஜப்பானியர் பலகாரக்கடையின் முற்றத்துக்கே போய்விட்டேன். கடைக்காரர் பாட்டன் காலத்துத் தொழிலைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர். பிசுபிசுக்கும் அந்த அரிசியை மரக்குழியில் போட்டு அவர் மரச்சம்மட்டியால் இடிக்க, ஒவ்வொரு அடிக்கும் நடுவே மனைவி ஈரக்கையை விட்டுப் புரட்டிப்போட, எங்கள் சுவரே அதிரும்.

ஒரு வருஷம், அவர்களுடைய புத்தாண்டுக்கு முந்தின நாள் காலையில் அந்தச் சத்தம் பாதியில் நின்றது. இடுப்புப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்துவிட்டார். ஆறினால் அத்தனை அரிசியும் கல்லாகிவிடும். எட்டிப் பார்த்த அம்மா, "பாத்துட்டே நின்னா ஆறிடும் லா, நான் குத்துறேன்" என்று, வீட்டு உலக்கையின் இரும்புப் பூணில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். வலக்கை, இடக்கை என்று தாளம் பிசகாமல் மாற்றி மாற்றி அவள் குத்த, முதலில் கையை விடவே பயந்த கடைக்காரர் மனைவி, பிறகு சிரித்துக்கொண்டே புரட்டினார். எங்கள் சந்து முழுக்கக் கூடி வேடிக்கை பார்த்தது. உச்சி வெயிலுக்குள் பலகாரம் அத்தனையும் தயார்.

மறு வருஷம் அதே நாளில், இடுப்பு சரியாகியும் கடைக்காரர் சம்மட்டியைத் தொடவில்லை. விடிந்ததும் எங்கள் பின்வாசலுக்கு வந்து, அம்மாவின் உலக்கைக்கென்று தைத்த வெள்ளைத்துணி உறையை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வளையக் குனிந்து நின்றார்.