இரண்டாம் பாகம் கிடைக்காத மழைக்காலம்

ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் கிளை நூலகத்துக்கு நூலகனாக வந்து சேர்ந்தேன். பழனி அடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பஞ்சாமிர்தக் கடை இருந்தது. நாள் முழுக்க வாழைப்பழ வாசனையில் என்னால் உட்கார முடியவில்லை. கல்லாவில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்தால் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. புத்தகம் படிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டால் யார் கேட்பார்கள் என்று மலையேறிவிட்டேன்.

நூலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை, நான்கு அலமாரி, பத்திரிகை படிக்க இரண்டு பெஞ்சு. சன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் புத்தகங்கள் ஈரம் குடித்து உப்பிப்போகும். ஓர் இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கணப்பு மூட்டி, அதைச் சுற்றிப் புத்தகங்களை விரித்து வைப்பேன். வாசகர்களும் அதே சட்டியைச் சுற்றித்தான் உட்காருவார்கள்.

மதுரையிலிருந்து புதுப் புத்தகங்கள் சாக்கில் கட்டி, பஸ் கூரையில் ஏறி வரும். பாதிக்கு மேல் துப்பறியும் கதைகளும் மர்மக் கதைகளும்தான். அட்டையில் துப்பாக்கி, இல்லாவிட்டால் கத்தி, கூடவே பயந்து கையை வாயில் வைத்துக்கொண்ட ஒரு பெண். எல்லாவற்றையும் நான் படித்துவிட்டுத்தான் அலமாரியில் அடுக்குவேன். அதோடு விடவில்லை. ஒரு துண்டுத் தாளில் என் அபிப்பிராயத்தை எழுதி அட்டையின் உள்பக்கம் ஒட்டினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் ஆரம்பித்தேன்.

"முதல் இருபது பக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் பிறகு கீழே வைக்க முடியாது" என்று ஒன்றில் எழுதினேன். இன்னொன்றில், "கொலைகாரன் யாரென்று அட்டைப் படத்திலேயே தெரிகிறது. காகிதம் சுற்றிப் படிக்கவும்." குடும்ப நாவல் ஒன்று வந்தது. "கதாநாயகி பாதிக் கதை அழுகிறாள், மீதிக் கதை இருமுகிறாள்" என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் அந்தப் புத்தகத்தைத்தான் கேட்டு வாங்கிப் போனார்கள். தேனீ வளர்ப்பைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு, "எழுதியவரைத் தேனீ ஒரு தடவையும் கொட்டவில்லை போலிருக்கிறது" என்று ஒட்டினேன்.

மர்மக் கதைகளில் எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. அந்தக் காலத்தில் பாதிக் கொலைகள் மலை பங்களாக்களில்தான் நடந்தன. எழுதியவர்கள் மே மாதத்தில் ஒரு வாரம் வந்துவிட்டுப் போனவர்கள் என்று படித்தாலே தெரியும். அவர்கள் கதையில் மூட்டம் கொலைகாரனுக்கு வசதியாக வந்து, துப்பறிகிறவருக்கு வசதியாக விலகும். நிஜத்தில் இங்கே மூட்டம் இறங்கினால் கொலைகாரனும் சாக்கடையில்தான் விழுவான். இதைவிடப் பெரிய கோபம் கடைசி அத்தியாயங்களின் மேல். இருநூறு பக்கம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விட்டு, இதுவரை கேள்விப்படாத ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி இவன்தான் என்பார்கள்.

என் துண்டுத் தாள்களை ஒருவர் மட்டும் கண்டித்தார். அவர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். தினமும் காலையில் வந்து ஆங்கிலப் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து மத்தியானம் வரை படிப்பார். "ரப்பிஷ்! இந்தக் குப்பைக்கெல்லாம் ஒரு ஒப்பீனியன் வேறயா?" என்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு வருஷம் மழை இறங்குவதற்குச் சற்று முன்னால், இரண்டு பாகமாக ஒரு மர்ம நாவல் வந்தது. ஓர் எஸ்டேட் முதலாளி இரவில் பால் குடித்துவிட்டுப் படுக்கிறார், காலையில் எழுந்திருக்கவில்லை. வீட்டில் ஒரு தம்பி, ஒரு டாக்டர், ஒரு சமையல்காரர், இரண்டாம் தாரம். துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, "கொலைகாரர் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறார்" என்று சொல்வதோடு முதல் பாகம் முடிந்துவிடும். முதல் பாகத்தில் நான் ஒட்டியது: "மிக நல்ல கதை. இரண்டாம் பாகம் கைக்கு வருமென்று உறுதியிருந்தால் மட்டும் தொடவும்."

அதைத் தொட்டது மேல்மலைக் கிராமமான பூம்பாறைக்கு வாழ்க்கைப்பட்டிருந்த ஒரு பெண். பழனிக்காரி, எட்டாவது வரை படித்தவள், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள் என்பதால் என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். கணவர் வீட்டில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கணவரோடு பஸ்ஸில் வருவாள். அவர் மூட்டையை இறக்கி விற்று முடிப்பதற்குள், சேலைக்கு மேல் ஸ்வெட்டரோடு நூலகத்துக்கு வந்து ஒரு புத்தகம் மாற்றிக்கொண்டு போவாள். ஓர் ஆளுக்கு ஒரு புத்தகம்தான் என்பது விதி.

"கல்யாணமாகிப் போன புதுசுல, புஸ்தகம் படிச்சா அத்தை மொறைக்குமுண்ணே" என்று அவள் சொல்லியிருக்கிறாள். "ஒருநா சாயங்காலம் பூண்டுப் பல்லு உதிர்த்துக்கிட்டே சத்தமாப் படிச்சேன். காதக் குடுத்துக் கேட்டுச்சு. இப்ப நான் வெளக்கப் பொருத்துறதுக்கு முந்தி அது பாயப் போட்டு ஒக்காந்துக்கிருது."

அவள் முதல் பாகத்தை எடுத்துப் போன வாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டிய மழை. பூம்பாறை ரோடு சரிந்து பஸ் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேல்மலைக்காரர்கள் ஒருவர்கூட இல்லை.

இதற்கிடையில் போஸ்ட் மாஸ்டர் திருச்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். போகும்போது அந்த நாவலின் இரண்டாம் பாகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எவ்வளவு மோசமா எழுதுறாங்கன்னு பார்க்கணும்ல" என்றார்.

"முதல் பாகம் படிக்காம இது புரியாதுங்களே."

அவர் பதிவேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த ஆங்கிலப் பத்திரிகைக்குப் பின்னால் இத்தனை நாள் என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சில வாரம் கழித்து, மழை சற்றே தூறலாக மாறியிருந்த ஒரு மத்தியானம், தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு.

"புஸ்தகக்காரரு நீங்கதானுங்களா? பூம்பாறையிலேருந்து வாரேன். எங்க வீட்ல இங்கனதான் வந்து புஸ்தகம் எடுக்கும்."

"பஸ் விட்டுட்டாங்களா?"

"எங்கிட்டு விட? ரோடு பூராம் மண்ணு சரிஞ்சு கெடக்கு. வெள்ளனே கெளம்பி நடந்தே வந்துட்டேன். சீமெண்ண வாங்கணும், மாட்டுக்கு மருந்து வாங்கணும். அதவிடப் பெரிய சோலி ஒண்ணு இருக்குங்க." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த எஸ்டேட் மொதலாளியக் கொன்னது யாருங்க?"

பத்திரிகை படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். அது ஒரு நாவலில் நடந்த கொலை என்று சொல்லி அவர்களை அமைதிப்படுத்திவிட்டு, அவரைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைக் கைக்குள் பொத்திக்கொண்டு தன் வீட்டு நிலவரத்தைச் சொன்னார்.

முதல் பாகத்தை முடித்ததும் அவருடைய அம்மா, கொன்றது தம்பிதான் என்றாராம். மனைவி டாக்டர்தான் என்றாளாம். மறுநாளும் அதே பேச்சு. ரோடு அடைபட்டு இரண்டாம் பாகம் வராது என்று தெரிந்ததும் பேச்சு சண்டையாகிவிட்டது. கூடப் பிறந்தவனைச் சந்தேகப்படாமல் படிச்ச மனுசனைச் சந்தேகப்படுகிறாளே என்று அம்மா. பெற்ற பிள்ளைகளையே ஒருத்தருக்கொருத்தர் ஆகாது என்று நினைக்கிற மனசு என்று மனைவி. கதை எங்கேயோ போய்விட்டது.

"இப்ப ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லங்க. ஆத்தா ஒரு மூலையில ஒக்காந்து வெதப்பூண்டு உதிர்க்குது, இவ ஒரு மூலையில. ஒரு வாய் காப்பி வேணும்னாலும் எங்கிட்டதான் சொல்லி விடுது. கடைசியா ஆத்தா, 'ஏலே, சும்மாதான ஒக்காந்திருக்க, போயி யாருன்னு கேட்டுட்டு வெரசா வா'ன்னுருச்சு."

இரண்டாம் பாகம் திருச்சியில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, எனக்கு நினைவிருந்தபடி முழுக் கதையையும் சொன்னேன். பெஞ்சில் இருந்த இருவரும் நகர்ந்து வந்து கேட்டார்கள். முடிவு எனக்கே சொல்ல வெட்கமாக இருந்தது. முதலாளிக்கு ஓர் இரட்டைப் பிறவி அண்ணன், சின்ன வயதில் பர்மாவுக்கு ஓடிப்போனவன், திரும்பி வந்து மச்சில் ஒளிந்திருந்தான், அவன்தான் விஷம் வைத்தவன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்தாளு மொதப் புஸ்தகத்துல வரவே இல்லையே."

"வரலை. நானும் அதைத்தான் எழுதி ஒட்டியிருக்கேன்."

"இதக் கொண்டுபோயி எங்கூட்டுல எப்படிங்க சொல்ல? ஒருத்தரு செயிச்சாலாவது ஒருத்தரு சிரிப்பாங்க. ரெண்டு பேரும் தோத்துட்டாங்கன்னா எம்மேலதான் விழுவாங்க."

அன்று ராத்திரி அவர் தெரிந்த ஒருவரின் காய்கறி மண்டியில் தங்கிவிட்டு மறுநாள் விடியலில் சீமெண்ணெய் டின்னோடு மலைப்பாதையில் ஏறியிருக்கிறார். மருந்தை மறந்துவிட்டுத் திரும்ப வந்து வாங்கிப் போனார் என்று மண்டிக்காரர் பிறகு சொன்னார். அவர் மனசில் வேறு எதுவோ ஓடியிருக்கிறது.

பஸ் மறுபடி ஓட ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கதை ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே. டாக்டருதான் வெசத்த வாங்கிக் குடுத்தது, தம்பிகாரன்தான் பால்ல கலந்தது. ரெண்டு பேரும் கூட்டு! நான் சொன்னதும் சரி, அத்தை சொன்னதும் சரி. அவரு சொல்லி முடிச்சதும் அத்தை எந்திரிச்சுப் போயி எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டுச்சு."

நான் சொல்லி அனுப்பிய முடிவு இதல்ல. முந்தின நாள்தான் போஸ்ட் மாஸ்டர் திருச்சியிலிருந்து வந்து, "ரப்பிஷ்" என்று சொல்லி இரண்டாம் பாகத்தை என் மேசையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அட, வந்துருச்சா! அத்தை திரும்பப் படிக்கச் சொல்லிக் கேக்கும்."

ஒரு நூலகன் வாசகரிடம் இந்தப் புத்தகம் உனக்கு வேண்டாம் என்று சொல்லலாமா? பிடிக்கவில்லை என்று எழுதி ஒட்டலாம், கொடுக்க மாட்டேன் என்று சொல்ல உரிமை கிடையாது. புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் சன்னல் ஓரமாக நின்று கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். புருவம் சுருங்கியது. இரண்டு பக்கம் பின்னால் போனாள், மறுபடி முன்னால் வந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு எல்லாம் தெரியும் என்பது என் முகத்திலேயே இருந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் மறுபடியும் சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது.

"கடையில ஒரு சாமான் பேரச் சொல்லி விட்டா மறந்துட்டு வர்ற மனுசண்ணே அவரு. வழி நெடுக இதையா கட்டிக்கிட்டு வந்திருக்காரு?"

"எடுத்துட்டுப் போறியாம்மா?"

"வேணாம்ணே. அவரு சொன்னதே நல்லா இருக்கு." புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள். "எனக்குத் தெரியும்னு அவருகிட்ட மூச்சு விட்றாதீங்க. அடுத்த மழைக்கும் அவருதான நடந்து வரணும்."

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ புத்தகங்களின் முடிவைக் குறை சொல்லி எழுதியிருக்கிறேன். வேறு எப்படி முடிந்திருக்கலாம் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாத ஒரு மனிதர், ஈர மலையில் நடந்துகொண்டே அதைச் செய்திருக்கிறார். இலக்கியத்துக்காகச் செய்ததில்லை, வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் காப்பி குடிக்கத்தான். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்த வருஷம் பூம்பாறைக் கோயில் தேரோட்டத்துக்குப் போயிருந்தேன். அந்தப் பெண்ணின் வீட்டில்தான் சாப்பாடு. அவள் கணவரின் அம்மா குட்டையான, கணீரென்ற குரலுள்ள மனுஷி. நான் புத்தகக்காரன் என்று தெரிந்ததும் என் இலைக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த எஸ்டேட் முதலாளி கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் கையில் மருந்துப் புட்டியோடு இருட்டில் வந்ததையும், தம்பிகாரன் கை நடுங்கப் பாலை ஆற்றியதையும், கடைசியில் இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்ததையும் அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சாப்பாடு மறந்துபோனது. எந்தப் பாகத்திலும் இல்லாத காட்சிகள் அவை. அந்தப் பெண் ரசம் ஊற்றிக்கொண்டே குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மகன் வாசல் பக்கம் திரும்பி, தேர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எல்லாப் புஸ்தகத்துக்கும் நல்லது கெட்டது சொல்லுவீகளாமே" என்றார் அந்த அம்மா. "இந்தக் கதையோட கடைசி எப்படிங்க?"

"இவ்வளவு நல்ல கடைசிய நான் படிச்சதே இல்லைங்கம்மா" என்றேன்.

"நானும் அதத்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, மருமகளைப் பார்த்து, "அண்ணனுக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வைய்யி" என்றார்.