விழுங்கும்வரை நிற்க வேண்டும்

பிரெடெரிசியாவில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் என்னை ஏமாற்றினார். கிழவர் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறது. அவருடைய கால்களை ஐந்து மாதம் கழுவித் துடைத்தவள் நான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் படித்துத் தாதியாகி, வார்டில் 'மிஸி, மிஸி' என்று கூப்பிடக் கேட்டுப் பழகியவள், இங்கே வந்து டெனிஷ் படித்து, உதவியாளாக ஆறு மாதப் பயிற்சி வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு மாதம் முடிய இல்லத்தின் தலைமைத் தாதி ஒரு கடிதம் தருவார். அது நல்லதாக இருந்தால் தாதிப் பள்ளியில் என் பழைய படிப்பையும் சேர்த்துப் பார்ப்பார்கள், நான் மறுபடியும் மிஸி. இல்லையென்றால் வாளியும் துடைப்பமும்தான். அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டுதான் குளிரில் ஒவ்வொரு காலையும் எழும்புவேன்.

குளிசை கொடுப்பதில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி. இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இங்கே தலைமைத் தாதி குளிசைகளைச் சின்னக் கிண்ணங்களில் போட்டுப் பெயர் ஒட்டி வைப்பார். நான் பெயரைக் கார்டோடு ஒப்பிட்டு, ஆளிடம் கொடுத்து, விழுங்கும்வரை பார்த்து நின்று, பிறகு கையெழுத்து வைக்க வேண்டும்.

நான் நின்றேன், பார்க்கவில்லை. சாப்பிடுகிறவரின் வாயைப் பார்த்தால் நாவூறு படும் என்று எங்கள் வீட்டில் அம்மா தலையில் குட்டுவா. நோயாளி என்றால் இன்னும் மோசம். யாழ்ப்பாண வார்டில் இதனால் ஒரு பிழையும் வந்ததில்லை. அங்கே குளிசை கிடைக்கவில்லை என்று சண்டை பிடித்தார்களே தவிர, கிடைத்ததை ஒருவரும் ஒளிக்கவில்லை. அந்தப் பழக்கத்தில், கிண்ணம் கிழவரின் உதட்டுக்குப் போனதும் என் முகம் தானாக யன்னல் பக்கம் திரும்பிவிடும். வெளியே கார்கள் நிற்கும், ஒரு மொட்டை மரம் நிற்கும். கிண்ணத்தை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டுத்தான் திரும்புவேன். அவர் நாக்கை நீட்டிக் காட்டுவார், விழுங்கிவிட்டேன் பார் என்று. நான் சிரித்துக்கொண்டு கையெழுத்து வைப்பேன்.

அவரை நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. மற்றவர்கள் என் கறுத்த கையைப் பார்த்துத் தயங்கிய முதல் கிழமையிலேயே, 'இவள் குளிப்பாட்டட்டும்' என்று சொன்னவர் அவர். அன்று கழிப்பறைக்குள் போய் அழுதேன், சந்தோசத்தில்.

பிறகு அவருடைய கால்கள் வீங்கின. கணுக்காலில் விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. முதலில் கண்டவள் நான், ஓடிப்போய்ச் சொன்னவளும் நான். 'நல்ல கண் உனக்கு' என்றார் தலைமைத் தாதி. கடிதத்தில் அதையும் எழுதுவார் என்று நினைத்தேன். டொக்டர் வந்து, சலம் போவதற்கான குளிசையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினார். வீக்கம் வற்றவில்லை என்று மூன்றாக்கினார்.

அடுத்த இரண்டு நாள் எனக்கு விடுமுறை. தலைமைத் தாதியே குளிசை கொடுத்தார், கண் வெட்டாமல் வாயைப் பார்த்துக்கொண்டு. வேறு வழியில்லாமல் மூன்றையும் விழுங்கிய கிழவர், பழகாத உடம்பு தாங்காமல், இரண்டாம் நாள் கழிப்பறைக்கு எழும்பியபோது தலைசுற்றி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அவர் சாமான்களை எடுத்தபோது புகையிலை டின்னைத் திறந்தார்கள். உள்ளே புகையிலைத் தூளோடு குளிசைகள், பழுப்பேறி, ஒன்றோடொன்று ஒட்டி. கார்டில் ஒவ்வொரு நாளும் என் கையெழுத்து.

ஏன் ஒளித்தார் என்பது பிறகு தெரிந்தது. காலையில் மூன்று பேரோடு சீட்டு விளையாடுவார். குளிசை போட்டால் கால் மணிக்கொரு தடவை எழும்ப வேண்டும். ஒருநாள் அவர்கள் முன்னால் காற்சட்டை நனைந்துவிட்டதாம். பாவம்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருப்பேன்.

வேலைக்குத் திரும்பி டின்னைப் பற்றி அறிந்த அன்று மத்தியானம் என் மனுசனிடம் சொன்னேன்.

"நீர் ஏன் பாக்கேல்லை?" என்றார்.

"வாயில வைக்கேக்க ஆராவது பாப்பினமோ?"

"உந்தக் காரணத்தை அவையளுக்குச் சொன்னனீரோ?"

"நாவூறு எண்டு சொன்னால் விசரி எண்டுவினம். அவர் வரட்டும், உண்மையைச் சொல்லுவார். நல்ல மனுசன்."

மூன்று கிழமையில் சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். தலைமைத் தாதி என்னையும் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டார். கிழவர் என்னைப் பார்க்கவில்லை.

"அவளுக்குத் தெரியும். நான் துப்புவதைக் காணாமல் இருக்கத்தான் யன்னல் பக்கம் திரும்புவாள். எனக்கு உதவி செய்தாள்."

எனக்குத் தெரியும் என்றால், தினமும் அந்த நாக்கை யாருக்கு நீட்டினார்? இதைக் கேட்டிருக்க வேண்டும். அவ்வளவுக்கு டெனிஷ் வரவில்லை. "இல்லை, நாக்கைக் காட்டினார்" என்று மட்டும் சொன்னேன். "விழுங்கும்போது ஏன் பார்க்கவில்லை?" என்று தலைமைத் தாதி கேட்டார். பார்க்காதது என் பிழை, அதை நான் எங்கும் மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது பிழையல்ல, பொய். அதுதான் எனக்கு வலித்தது.

குளிசைத் தட்டை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மாத முடிவில் கடிதம் வந்தது. சுத்தம், அன்பு, நேரம் தவறாமை எல்லாம் இருந்தன. கடைசி வரியில், மருந்துப் பொறுப்பை நம்பிக் கொடுக்க முடியாது என்று இருந்தது. அந்த ஒரு வரி போதும். பள்ளிக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை.

என் கடைசி நாள் காலையில் அவருக்குக் கோப்பி கொண்டுபோனேன். கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"நீ இப்படிப் பார்த்தால் எனக்கு இறங்காது. யன்னலைப் பாரேன், முந்தி மாதிரி."

நான் திரும்பவில்லை. நாவூறு பட்டால் படட்டும் என்று, கடைசி மிடறு இறங்கும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.