நெருப்புக்கு இரண்டு, நீருக்குப் பத்து

03.04.1968 – 11.08.1971 : 2
09.05.1970 – 01.07.1973 : 9
05.12.1966 – 30.01.1972 : 6
04.02.1973 – 12.03.1975 : 3
18.11.1972 – 12.03.1975 : 10

இவை பொருத்தம் பார்த்த கொப்பியொன்றின் கடைசிப் பக்கத்தில் இருந்த பிறந்த திகதிகள். முதலில் ஆண், பிறகு பெண், கடைசியில் இருவருக்கும் பத்துக்கு எத்தனை பொருத்தம் என்ற தொகை. நாலாவது வரி மூலக் கொப்பியில் குறுக்கே வெட்டப்பட்டிருந்தது. அந்தக் கொப்பி திரும்பி வரவில்லை. இந்த வரிகள் நான் முன்பே பெயரையும் ராசியையும் விட்டு எடுத்து வைத்த பிரதியில் உள்ளவை.

கொப்பியை எழுதியவர் பிறிஜெற் சூசைதாசன். வெள்ளவத்தையில் நான் பதிவேடு எழுதிய விடுதியின் சமையற்காரி. 12.02.2004 அன்று இறந்தார். பத்திரிகையில் மரண அறிவித்தல் போட அவருக்கு யாரும் இருக்கவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

பிறந்தது 02.08.1938, கொட்டாஞ்சேனை. 1962இல் துறைமுகத் தொழிலாளி சூசைதாசனைக் கட்டினார். சூசைதாசன் பிறந்தது 10.04.1933. ஞாயிறு பத்திரிகையின் மேல்நாட்டு ராசிப் பக்கத்தின்படி புருஷன் மேட ராசி, பெண்சாதி சிங்கம். இரண்டும் நெருப்பு ராசி. நெருப்பும் நெருப்பும் சேர்ந்தால் பத்துக்கு ஒன்பது என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தார்களாம்.

“ஒன்பது சரிதான் கிளாக்கர் ஐயா,” என்று தலைமயிரை விலக்கிக் காட்டுவார். “தையலை எண்ணிப் பாருங்க.”

எண்ணினேன். ஒன்பதுதான்.

விறகுக் கட்டை, இடுப்புப் பட்டி, ஒருமுறை மீன் வெட்டும் கத்தியின் பின்பக்கம். இவரும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவரல்ல. 1971இல் அம்மிக் குழவியால் புருஷனின் இடது மணிக்கட்டை உடைத்தார். ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய், அவருக்கு மாவுக்கட்டும் இவருக்குத் தையலும் போட்டுக்கொண்டு, வரும் வழியில் ஒரே கடையில் தேநீர் குடித்ததாகச் சொன்னார்.

25.07.1983, திங்கட்கிழமை பகல், தமிழர் வீடுகளைத் தேடிக் கும்பல் அவர்களுடைய சந்துக்குள் வந்தது. சூசைதாசன் மனைவியைப் பின்மதிலுக்கு மேலால் தள்ளிவிட்டு, முன்கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். கதவைக் கோடரியால் கொத்தினார்கள். பலகை பிளந்த பிறகும் கொத்தினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் பௌஸி என்பவருடைய கோழிக்கூட்டுக்குள் குந்தியிருந்த பிறிஜெற் அந்தச் சத்தத்தை எண்ணியிருக்கிறார். பதினொன்று. பிறகு வீடு எரிந்தது.

“இருபத்தொரு வருசம் என்னை அடிச்ச கை. அண்டைக்கு எனக்காகக் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது,” என்று ஒருதரம் சொன்னார். “நெருப்பு அப்படித்தான் ஐயா. எந்தப் பக்கம் எரியும் எண்டு சொல்ல ஏலாது.”

பிறகு மூன்று வாரம் அகதி முகாம். அங்கே பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் நகைக்கு அழுததைவிடக் குறிப்புக்கு அழுதார்கள். சாதகக் குறிப்பு வீட்டோடு எரிந்துபோனால் எதை வைத்துச் சம்பந்தம் பேசுவது? பிறந்த நேரம் ஒருவருக்கும் நினைவில்லை. திகதி மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறிஜெற்றுக்குத் திகதி போதும். பன்னிரண்டு ராசியையும் நெருப்பு, நிலம், காற்று, நீர் என்று நாலாகப் பிரித்த பத்திரிகைத் துண்டு மனப்பாடமாக இருந்தது. முகாமிலேயே பார்க்கத் தொடங்கினார்.

ஆனால் பத்திரிகையின் தொகையை அப்படியே எடுக்கவில்லை. நெருப்புக்கு நெருப்பு ஒன்பது என்பதை இரண்டாக்கினார். “பேப்பர்காரனுக்கா அடி விழுந்தது? எனக்குத்தானே விழுந்தது.” நிலமும் நீரும் ஒன்பது. காற்றும் நெருப்பும் ஆறு. காற்றும் நீரும் சேர்ந்தால் புயல் என்று மூன்றுக்கு மேல் கொடுக்கமாட்டார். நீரும் நீரும் பத்து. பதின்மூன்று ஆண்டுகளில் அந்தப் பத்தை ஒரே ஒரு சோடிக்குத்தான் எழுதினார்.

அது 1996. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள் விடுதியின் பதினாறு அறைகளிலும் நிறைந்திருந்தார்கள். ஏழாம் அறையில் நாகேஸ்வரியும் அவருடைய மகள் கௌரியும். பதினோராம் அறையில் யோகநாதன், கொள்ளுப்பிட்டியில் வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுக்கும் கடையொன்றில் வேலை. கௌரியும் அவரும் விரும்பியிருந்தார்கள். பொருத்தம் ஐந்துக்குக் கீழே போனால் சம்மதமில்லை என்பது நாகேஸ்வரியின் முடிவு. 30.06.1996, ஞாயிறு பிற்பகல், நால்வரும் சமையலறையில் கூடினார்கள். கறுவாத் தண்ணீர் வாங்கப் போன நானும் நின்றேன்.

பிறிஜெற் யோகநாதனின் அடையாள அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தார். “பெப்ரவரி நாலு, எழுபத்துமூண்டு. கும்பம். காற்று. பிள்ளை மீனம், நீர்.” நாலாவது வரியாகக் கொப்பியில் எழுதினார். “மூண்டு.”

“மூண்டாம். எழும்பு பிள்ளை,” என்றார் நாகேஸ்வரி.

“நில்லுங்கோ மாமி.”

“நான் இன்னும் உமக்கு மாமி ஆகேல்லைத் தம்பி.”

“அது அட்டையில இருக்கிற திகதி. நான் பிறந்தது எழுபத்திரண்டு நவம்பர் பதினெட்டு. ஐயா வன்னியில வயல் வெட்டிப்போட்டு வரப் பிந்திப்போச்சு. பிந்திப் பதிஞ்சால் தண்டம் எண்டு, பெப்ரவரியில பிறந்ததாச் சொல்லிப் பதிஞ்சவர். அம்மாவிட்ட இருக்கிற குறிப்பில சரியான நாள் இருக்கு.”

பிறிஜெற் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “மெய்யாவா? இல்லாட்டி கௌரிக்காக இப்பப் பிறக்கிறியா?”

“அதுக்கும் சம்மதம் அன்ரி.”

கௌரி சிரித்துவிட்டாள். பிறிஜெற் நாலாவது வரியை வெட்டி, கீழே புதுத் திகதியை எழுதினார். விருச்சிகம், நீர். மீனம், நீர். பத்து. நாகேஸ்வரி மறுபடி பலகைக்கட்டையில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு கோப்பை தேநீர் தரச் சொன்னார்.

என்னுடைய பதிவேட்டில் நான் ஒன்றும் மாற்றவில்லை. அட்டையில் உள்ளதே பதிவேட்டில் இருக்கவேண்டும். அதன் பிரதி பொலிசுக்குப் போவது.

24.07.1996 அன்று தெகிவளையில் ரயிலில் குண்டு வெடித்தது. 27.07.1996 காலை ஆறு பத்துக்கு விடுதியைச் சுற்றி வளைத்தார்கள். ஒவ்வோர் அறையாகப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். சமையலறையில் அரிசி வாளிக்கு மேல் கொப்பி கிடந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படித்தார்: பெயர், திகதி, நெருப்பு, பெயர், திகதி, நெருப்பு, இரண்டு. ரயில் எரிந்து மூன்றாம் நாள் அது.

“கின்தர கியன்னெ மொகத்த?” நெருப்பு என்றால் என்னவென்று அதிகாரி கேட்டார்.

“லக்ன, மஹத்தயா,” என்றார் பிறிஜெற். ராசி என்று சொன்னதற்கு முதல் அடி விழுந்தது. இரண்டு பல் நிலத்தில் கிடந்தன.

பிறகு என் பதிவேட்டையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். யோகநாதன் என்ற ஒரே பெயருக்கு இரண்டு பிறந்த திகதிகள், ஒன்று வெட்டப்பட்டிருந்தது. எழுத்தில் பிழையில்லாத என் பதிவேடு இல்லாவிட்டால் அந்த வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்திராது.

யோகநாதனை மேல்மாடியிலிருந்து காலில் பிடித்து இழுத்து வந்தார்கள். பதினான்கு படி. ஒவ்வொரு படியிலும் தலை இடித்தது. கௌரி ஏழாவது படியில் குறுக்கே விழுந்து அவருடைய சட்டையைப் பிடித்தாள். துவக்குப் பிடியால் அவள் தோளில் அடித்தார்கள். சட்டைத் துண்டு அவள் கையோடு வந்துவிட்டது. யோகநாதனையும் பிறிஜெற்றையும் வண்டியில் ஏற்றினார்கள்.

பிறிஜெற் 05.08.1996 அன்று தனியாக வந்து சேர்ந்தார். வலக்கையின் மூன்று விரல்கள் உடைந்திருந்தன. கொண்டுபோன இடம் பொலிஸ் நிலையமல்ல, பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீடு. கொப்பி எழுதிய கை எதுவென்று கேட்டு, அந்தக் கையை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார்களாம்.

“ராசி எண்டு நம்பினாங்களோ?” என்று கேட்டேன்.

“பெரியவன் நம்பினான். தன்ட திகதியும் பெண்சாதிட திகதியும் தந்தான். அவன் மிதுனம், அவள் கர்க்கடகம். மூண்டு எண்டு சொன்னன். உண்மைதான் எண்டான். பிறகும் அடிச்சான்.”

அந்தப் பெரிய அதிகாரி ஒரு வாக்கும் கொடுத்திருந்தார். பிறப்புப் பத்திரத்தை யாரும் பொய்யாக எடுக்கலாம். பிள்ளை பிறந்தவுடன் எழுதிய கேந்தறயவில் தாய் பொய் எழுதமாட்டாள். கேந்தறய என்று சிங்களவர் சொல்வது எங்களுடைய குறிப்பைத்தான். நவம்பர் பதினெட்டு என்று எழுதிய பழைய குறிப்பைக் கொண்டுவந்தால் பொடியனை விடுவதாகச் சொன்னார்.

குறிப்பு தாயிடம். தாய் சரோஜினிதேவி வன்னியில், மல்லாவியில், ஒரு கொட்டிலில். கடிதங்களை வழியில் பிரித்துப் படித்தார்கள். மகன் பிடிபட்டிருக்கிறான் என்று எழுதினால் கொண்டுபோகிறவரும் பிடிபடுவார். ஆகவே, கலியாணம் பேசுகிறோம், மாப்பிள்ளையின் குறிப்பை உடனே அனுப்புங்கள் என்று நாகேஸ்வரி சொல்ல நான் எழுதினேன். 07.08.1996 அன்று வவுனியாவுக்குப் போன ஒருவரிடம் கொடுத்தோம்.

பதில் 14.09.1996 அன்று வந்தது. குறிப்பு இல்லை. பெண்வீட்டாரின் குறிப்பு முதலில் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதுதான் முறை என்றும், இடம்பெயர்ந்திருந்தாலும் தாங்கள் முறை தெரியாதவர்களல்ல என்றும் சரோஜினிதேவி எழுதியிருந்தார்.

நாகேஸ்வரி அந்தத் தாயின் இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் எழுதியிருப்பார். கௌரியின் குறிப்பு யாழ்ப்பாணத்து வீட்டில் கிடந்தது. பிறந்த நேரத்தை நாகேஸ்வரி நினைவிலிருந்து சொல்ல, வெள்ளவத்தையில் ஒரு சாத்திரியாரைக் கொண்டு புதிதாக எழுதுவித்து 18.09.1996 அன்று அனுப்பினோம்.

பிறிஜெற் திங்களும் வியாழனும் சோற்றுப் பார்சலோடு அந்த வீட்டுக்குப் போனார். “கேந்தறய கெனாவத?” என்று வாசலில் கேட்பார்கள். இன்னும் கொண்டுவரவில்லை என்பார். பார்சலை வாங்கிக்கொண்டால் ஆள் உயிரோடு இருப்பதாக நாங்கள் எடுத்துக்கொண்டோம். 10.10.1996 அன்று வாசற்காரன் வயிற்றில் உதைத்தான்; பார்சல் தெருவில் சிதறியது. அடுத்த திங்கட்கிழமை இரண்டு பார்சல் கட்டிக்கொண்டு போனார். 31.10.1996 அன்று அங்கே புது ஆட்கள் நின்றார்கள். அப்படி ஒருவர் இங்கே இருந்ததே இல்லை என்றார்கள்.

09.11.1996, சனிக்கிழமை, பொரளையில் பிரேத அறைக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. நானும் பிறிஜெற்றும் போனோம். முகம் வீங்கி ஆள் தெரியவில்லை. மேல்வரிசைப் பல் இல்லை. நான்கு விரல்களில் நகம் இல்லை. இரண்டு மணிக்கட்டிலும் கம்பி எலும்பு வரை இறங்கியிருந்தது. பிறிஜெற் தன் வளைந்த விரல்களால் வலது காதுக்குப் பின்னாலிருந்த மச்சத்தைத் தொட்டுப் பார்த்து, “இவன்தான்” என்றார்.

பத்திரம் நிரப்பியவர் பிறந்த திகதியைக் கேட்டார். நான் பழக்கத்தில் அட்டைத் திகதியைச் சொல்ல வாயெடுத்தேன்.

“நவம்பர் பதினெட்டு, எழுபத்திரண்டு,” என்றார் பிறிஜெற். பிறகு என்னைப் பார்த்து, “போற நேரத்திலயாவது சரியான நாளோட போகட்டும் ஐயா.”

மறுநாள் தகனம். விடுதிக்குத் திரும்பியதும் நாகேஸ்வரி பிறிஜெற்றின் மேல் பாய்ந்தார். “உன்ட கொப்பிதானடி அவனைத் திண்டது!” மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். பழைய தையல் ஒன்று பிரிந்து இரத்தம் வழிந்தது. பிறிஜெற் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. குறுக்கே வந்தது கௌரி. தாயைத் திருப்பி, கன்னத்தில் அறைந்தாள், ஒன்று, இன்னொன்று.

“மூண்டு போதும் எண்டு சொல்லியிருக்கலாமே அம்மா. மூண்டோட நான் இருந்திருப்பன்.”

அன்றோடு பிறிஜெற் பொருத்தம் பார்ப்பதை விட்டார். கேட்டு வந்தவர்களிடம், கை சரியில்லை, எழுத ஏலாது என்பார்.

அதன்பிறகு மல்லாவியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சமையலறையில் மூன்று பெண்களும் இருக்க நான் பிரித்து வாசித்தேன்.

“கௌரியின் குறிப்புக் கிடைத்தது. இங்கே சாத்திரியார் பார்த்தார். பத்தில் எட்டுப் பொருந்துகிறது. எனக்குப் பூரண சம்மதம். தம்பியின் குறிப்பை இத்துடன் அனுப்புகிறேன். மழையிலும் நனையாமல் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தேன். தையில் நாள் வையுங்கள். நான் வர முடியாது, பாஸ் தரமாட்டார்கள். தாலி கட்டும் நேரத்தை மட்டும் முன்கூட்டி அறிவித்தால், அந்த நேரத்தில் இங்கே விளக்கேற்றி வைப்பேன்.”

“குறிப்பில திகதி என்ன?” என்று பிறிஜெற் கேட்டார்.

பொலித்தீனைப் பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் பூசிய தாள். மஞ்சள் மங்கியிருந்தது, எழுத்து மங்கவில்லை. பதினெட்டு, நவம்பர், ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்திரண்டு, சனிக்கிழமை.

“பொய் சொல்லேல்ல பொடியன்,” என்றார்.

கௌரி என் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு மேலே போனாள். பதில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. 05.12.1996 அன்று நடந்ததை நடந்தபடி, திகதிகளோடு எழுதி அனுப்பினேன். மல்லாவியிலிருந்து பிறகு ஒன்றும் வரவில்லை. சரோஜினிதேவியின் கடைசிக் கடிதம் விடுதிக்கு வந்து சேர்ந்த திகதி: 03.12.1996.