பன்றி வேட்டைக்கு எடுத்த வாக்கிடாக்கி

தம்பியின் கெண்டைக்காலில் துப்பாக்கி ரவை பாய்ந்ததிலிருந்து, சனிக்கிழமை என்றாலே எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் துப்பாக்கியைத் துடைப்பார். ஞாயிறு விடிந்ததும் பன்றி வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர், என் தம்பி, பக்கத்து வீட்டுச் செட்டி அண்ணன், மூன்று பேர். காஜா பெராங்கில் செட்டிகள் கம்பம் என்கிற குடியிருப்பை ஒட்டி அப்போது எங்கள் வீடு. அந்தச் செட்டிகள் பல தலைமுறையாக இங்கேயே ஊறிப்போனவர்கள். அந்த அண்ணனுக்குக் கோயில், திருநீறு எல்லாம் உண்டு, தமிழ் மட்டும் வராது. பேச்செல்லாம் மலாய்தான்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசர காலமும் முடிந்து, ரப்பர்க் காட்டுக்குள் பயமில்லாமல் போய்வரலாம் என்று ஆகியிருந்தது. மரவள்ளியைப் பன்றி தோண்டிப் போடுகிறது என்று மலாய்க்காரர்களே வந்து கூப்பிடுவார்கள். அப்படிப் போன ஒரு நாளில், ஆள் உயர லாலாங் புல்லுக்குள் பன்றியை விரட்டிக்கொண்டு வந்தான் தம்பி. புல் ஆடியதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சுட்டுவிட்டார். ரவை சதையோடு நின்றதால் கால் தப்பியது. “கொசு கடிச்ச மாதிரிதான்கா,” என்று அவன் சிரித்தான். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கள் அம்மாவுக்கு அவன் ஒரே ஆண்பிள்ளை.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் உள்ளங்கை வேர்த்துவிடும். ஆனாலும் ஒரு சனிக்கிழமை, கூட்டின வாசலையே திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தவள், துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னேன்.

“சோல்ஜருங்க கையில வச்சுப் பேசுவாங்களே, அந்தப் பொட்டி இருந்தாத் தம்பியக் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா அவன் வர மாட்டான்.”

“வாக்கிடாக்கியா? அதெல்லாம் உனக்கு எங்க தெரியும்?”

“ரோட்டுல பாத்திருக்கேன்.”

“அப்ப நீயே வந்து பாத்து எடுத்துக் குடு லா,” என்றார் கேலியாக.

கேலி என்று தெரிந்தும் சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். அவருக்கு வேறு வழியில்லை.

தம்பியும் கூட வந்தான். டவுனில் ஒரு சீனர் கடை. கடை முதலாளி தவுக்கே இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். ஒன்று புது ஜப்பான் சாமான், சட்டைப் பையில் போடலாம் போலச் சின்னது, தோல் உறை போட்டுப் பளபளவென்று இருந்தது. இன்னொன்று பட்டாளத்தில் பாவித்துக் கழித்தது. பச்சைப் பெயிண்ட் உரிந்து, செங்கல்லைத் தூக்குகிற மாதிரி கனம். இவரும் தம்பியும் பச்சையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பட்டன அமுக்கிட்டுப் பேசணும், விட்டுட்டுக் கேக்கணும்,” என்று சொல்லிவிட்டுத் தம்பி சின்னதில் ஒன்றோடு ரோட்டைத் தாண்டிப் போனான். மற்றதை என் கையில் கொடுத்தார்கள். கடை நிறைய ஆம்பிளைகள். என்ன பேசுவது? “தம்பி, சாப்டியா?” என்றேன். கடையே சிரித்தது. “சாப்டேன்கா, நீ?” என்று பெட்டியும் சிரித்தது.

“பாத்தியா, கிளி மாதிரி பேசுது,” என்றார் இவர்.

“இது ரோடுங்க. அங்க மேடு இருக்கு, மரம் இருக்கு,” என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு தவுக்கேயிடம் பேசி, ஞாயிறு ஒரு நாள் காட்டில் வைத்துப் பார்க்க இரண்டு ஜோடியையும் இரவல் வாங்கினார்.

இப்படித்தான் நானும் வேட்டைக்குப் போனேன். புக்கிட் காதில் என்ற ஊரைத் தாண்டி, செம்மண் பாதையில் காரை நிறுத்தினார்கள். காட்டுக்குள் மிருகத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அது ஒளிந்துகொள்ளும் என்று செட்டி அண்ணன் வழியெல்லாம் எனக்கு மலாயில் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்குப் பதிலாக என்ன சொல்வார்கள் என்று நான் கேட்கவில்லை. சின்னப் பெட்டியோடு இவரும் செட்டி அண்ணனும் ஒரு பக்கம் போனார்கள். பச்சைப் பெட்டியை முனகிக்கொண்டே தூக்கிக்கொண்டு தம்பி மறுபக்கம் போனான். இரண்டின் ஜோடியும் காரில் என் மடியில்.

காரின் கதவைத் திறந்தேன், மூடினேன். இறங்கி நின்றேன், மறுபடி ஏறினேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வெடி. சின்னப் பெட்டி எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல் இரைந்தது. அதற்குள்ளிருந்து இவர் குரல்.

“...மச்சான்... விழுந்துட்டாரு... கழுத்துல...”

அப்புறம் வெறும் இரைச்சல்.

இவருக்கு மச்சான் என்றால் என் தம்பிதான். பச்சைப் பெட்டியை எடுத்துப் பட்டனை அமுக்கி, தம்பி, தம்பி என்று கத்தினேன். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அந்த ரோட்டில் யார் இருக்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று எதுவும் தோன்றவில்லை. பதில் வரவே இல்லை. பெட்டியை சீட்டில் எறிந்துவிட்டு மரத்துக்குள் ஓடப் போனேன். எறிந்த பெட்டி பேசியது.

“பட்டன விடுக்கா! விட்டாத்தான கேக்கும்? நானும் எவ்வளவு நேரமாக் கத்துறேன்!”

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி குரல். பெட்டியை எடுத்து மறுபடி பட்டனை அமுக்கினேன்.

“மச்சான் விழுந்துட்டாருன்னு அவர் சொன்னாருடா...”

“ஐயோ அக்கா, பன்னியத்தான் உள்ள மச்சான்னு சொல்லுவோம்! மாமாதான் அந்தப் பேர வச்சாரு.”

நடந்ததைத் தம்பி பிறகு சொன்னபோது, காட்டுக்குள் பன்றியின் பெயரைச் சொல்லித் தொலைத்துவிட்டான் என்று செட்டி அண்ணனுக்கு அவன்மேல் கோபம். விழுந்த அந்த ஒன்றோடு சரி, அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பும்போது தம்பி என்னை மாதிரியே கத்திக் காட்டிக்கொண்டு வந்தான். எந்தப் பெட்டியை வாங்குவது என்ற பேச்சே எழவில்லை, தெளிவாகப் பேசிய பச்சைதான். வீட்டு வாசலில் இறங்கி மற்றவர்கள் நகர்ந்த பிறகு என் வீட்டுக்காரர் கேட்டார்.

“நான் சுட்டுட்டேன்னு நெனச்சியா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். “ஆமாங்க,” என்றேன்.

அவர் துப்பாக்கி உறையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை கால் கழுவப் போனார். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அடுத்த வாரத்துலருந்து அவன் என்கூடத்தான் நிப்பான். விரட்டுறதுக்கு கம்பத்துலருந்து வேற ஆளக் கூப்பிட்டுக்கலாம். ஒரு பொட்டி அந்த ஆள்கிட்ட, ஒண்ணு எங்கிட்ட.”

“பன்னிக்கு வச்ச அந்தப் பேரு?”

“மூட்டைன்னு சொல்லிக்கிறோம், போ.”

அடுத்த சனிக்கிழமையும் நான் வாசலை இரண்டு தரம் கூட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் துடைத்தார்.